மேகமலைக்கு ஒரு யூஃபோனியம்

யூஃபோனியத்துக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும் என்று தேனிப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் சொல்லிவிட்டார்.

“இது ஆள் இல்லைங்க, வாத்தியம்” என்றேன்.

“சன்னல் சீட்டுல உக்காந்திருக்கில்ல, அப்ப ஆளுதான்” என்றார் அவர்.

வாதாடிப் பயனில்லை என்று பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பெட்டியோடு எட்டுக் கிலோ இருக்கும். யூஃபோனியம் என்பது மடியில் அணைத்து வைத்து ஊதுகிற பெரிய பித்தளைக் குழல், அடித்தொண்டைக் குரல் கொண்டது. இந்தக் குழலை மலேசியாவில், எங்கள் ஈப்போ நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று ‘உதவாது’ என்று தாளில் எழுதி ஒட்டிக் கழித்துப் போட்டிருந்தது. பள்ளிக்கூடப் பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்ப்பதுதான் இருபது வருடமாக என் தொழில். ‘உதவாது’ என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மூன்று வால்வையும் கழற்றி, நசுங்கிய வாயை நிமிர்த்தி, விட்டுப்போன இடங்களில் ஈயம் பற்றவைத்து, அதைப் பேசவைத்தேன். மற்ற வாத்தியங்கள் கப்பலில் முன்னமே போய்விட்டன. இது கடைசியாக முடிந்ததால் என்னோடு வந்தது.

முன் இருக்கையில் இரண்டு ஏலக்காய் வியாபாரிகள் மலையாளத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் திரும்பிப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மற்றவர் தலையாட்டினார். என்னை அழைத்துப்போக வந்திருந்த சுதா சிரிப்பை அடக்கிக்கொண்டு காதில் சொன்னாள்: “‘இந்தம்மா மருந்தடிக்கிற மெஷினு வாங்கிட்டுப் போறாக, எந்தக் கம்பெனின்னு கேக்கலாமா’ங்கிறாரு.”

சுதா எங்கள் தாத்தாவுடைய தம்பியின் பேத்தி. முறைக்கு எனக்குத் தங்கை. தாத்தா கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவ மலாயாவுக்குக் கப்பலேறினார், தம்பி சின்னமனூரில் நெல் விதைத்தார். இரண்டு குடும்பத்துக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன. திடீரென்று போன வருடம் இவளிடமிருந்து நாலு பக்கக் கடிதம். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வேலையை விட்டுவிட்டாளாம். தோட்டக்காட்டிலும் திராட்சைக் கொடியடியிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பேண்டு தொடங்கியிருக்கிறாளாம். உங்கள் ஊரில் வேண்டாம் என்று போடுகிற வாத்தியம் இருந்தால் அனுப்ப முடியுமா அக்கா என்று கேட்டிருந்தாள். முகம் தெரியாதவளுக்கு இத்தனை தைரியமா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அடுத்த வாரமே பள்ளி பள்ளியாக ஏறி இறங்கத் தொடங்கிவிட்டேன்.

வந்த அன்று காலையில் தேனி சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பசியாறினோம். இட்லிக்குக் குடல் குழம்பு ஊற்றினார்கள். விடிந்தும் விடியாததுமாகக் குடலா என்று தயங்கினேன். மூன்றாவது இட்லியில் தயக்கம் போய்விட்டது. பரோட்டாவை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் விரலில் பிட்டால் பிரியும். இங்கே கல்லின்மேல் வைத்து உள்ளங்கையால் அடித்துத்தான் பிரிக்கிறார்கள். இதைச் சொன்னதும் சுதாவுக்கு மூக்கு விடைத்துவிட்டது. “சால்னாவ ஊத்திப் பெசஞ்சு தின்னு பாருங்கக்கா, அப்பறம் பேசுங்க” என்றாள். தின்று பார்த்தேன். அப்புறம் பேசவில்லை.

சின்னமனூரில், போடி வியாபாரி ஒருவர் ஏலக்காய் தரம் பிரிக்க வைத்திருந்த பழைய கொட்டகைதான் அவளுடைய பயிற்சிக்கூடம். உள்ளே நுழைந்தால் பாயசம் வாசம் அடிக்கிறது. மறுநாள் காலை முழுக்க அங்கே உட்கார்ந்து கிளாரினெட்டுகளைச் சோதித்தேன். துளைகளை மூடுகிற சின்ன மெத்தைகள் காற்றுப் புகாமல் உட்காருகின்றனவா என்று பார்க்க, சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்ப்போம். அதை வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் புடவையையும் நரைத்த தலையையும் பார்த்துவிட்டு, “பொகையிலயும் வேணுமாத்தா?” என்று பணிவாகக் கேட்டார்.

“இலவசமாகத்தானே சொல்லிக்கொடுக்கிறாய், ஒரு டிரஸ்டாகப் பதிந்துகொண்டால் உதவி கிடைக்குமே” என்று சுதாவிடம் சொன்னேன்.

“ஐயோ, அது வேணாம்க்கா. தருமத்துக்குச் சொல்லித்தாரேன்னு சொன்னா எவுகளும் மதிக்க மாட்டாக. பிள்ளை நாலு நாள் வரும், அஞ்சாம் நாள் ஆடு மேய்க்கப் போயிரும். இது தொழிலு. விசேஷத்துக்கு வாசிக்கப் போவோம். அதுல வாரது பாதி வாசிச்ச பிள்ளைகளுக்கு, பாதி அடுத்த பிள்ளைகளுக்கு வாத்தியத்துக்கு. வேலைன்னு சொல்லிப் பாருங்க, வெள்ளன எழுப்பி அனுப்பிவிடுவாக.”

அந்தத் தொழிலின் முதல் அழைப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை, குச்சனூரில். ஒரு நெல் விவசாயி வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன்மார் தட்டுத் தட்டாகச் சீர் சுமந்துகொண்டு ஊர்வலமாக வருவார்கள். அதற்கு முன்னால் பேண்டு போகவேண்டும். தெருவே வாசலில் நின்று பார்க்கும். அன்று நன்றாக வாசித்தால் ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் அழைப்பு வரும். சொதப்பினால் இரண்டாவது அழைப்பு வராது. மொத்தம் பதினாலு பிள்ளைகள். அதில் ஆறு பேர் மேகமலை எஸ்டேட் பிள்ளைகள், அவர்கள்தான் தேறினவர்கள். யூஃபோனியமும் மலைப் பிள்ளைக்குத்தான், வனிதா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு.

கிளாரினெட்டுகளைச் சோதித்த அன்று மாலை குச்சனூருக்கே போய் ஊர்வலம் போகிற தெருவைக் காலால் அளந்து பார்த்தோம். சனீஸ்வரரையும் கும்பிட்டுக்கொண்டேன். ஈப்போவிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் வந்த வாத்தியம் இனி மலை ஏறவேண்டும், அவரைப் பகைத்துக்கொள்வானேன்?

மலைப் பேருந்தைப் பற்றி நான் எங்கள் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்களுக்கும் மலை உண்டு. கேமரன் மலைக்குத் தூங்கிக்கொண்டே போய் இறங்கலாம். வெள்ளிக்கிழமை அதிகாலை சின்னமனூரில் ஏறினோம். அடிவாரச் சோதனைச் சாவடி தாண்டியதும் சாலை என்ற பொருள் முடிந்துபோனது. கருங்கல்லை வரிசையாகக் கொட்டி, வேண்டுமானால் ஓட்டிப் பார் என்று விட்டிருக்கிறார்கள். ஏழாவது வளைவில் சக்கரத்தடியில் படார் என்று ஒரு சத்தம். வண்டியைத் தாங்குகிற வில்பட்டை முறிந்துவிட்டதாம். ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், பீடி பற்றவைத்தார், பிறகு எல்லாரையும் இறங்கச் சொன்னார். பாரம் இல்லாமல் வண்டி மெதுவாக ஏறும், நாம் பின்னால் நடக்கவேண்டும். மூன்று வளைவு நடந்தோம். மிளகாய் மூட்டையோடு வந்த ஒருவர், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல யூஃபோனியப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

“உள்ள என்னத்தா, கருப்பசாமி செலையா?”

வாத்தியம் என்றேன். “அப்ப நம்ம பவுன்தாயி மக வனிதா ஊதப்போறதா? மலையெல்லாம் அதான் பேச்சு” என்றார். எனக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்கப்போவதில்லை.

மேலே பச்சைச் சரிவும் வெள்ளை மூட்டமும். லயத்து வீடுகளைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. ஒட்டி ஒட்டிப் பத்து வாசல், முன்னால் ஒரு குழாய். நான் பிறந்தது இதே மாதிரி ஒரு லயத்தில்தான். அம்மா விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போனவள். எங்கள் தோட்டத்தில் மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்து ஆள் கூப்பிடுவார்கள். இங்கே தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில் கரண்டில் ஓடுகிற சங்கு. அந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மலைப் பிள்ளைகளின் வாத்தியங்கள் இருந்தது எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பக அறையில். சூப்பர்வைசர் மனது வைத்து இடம் கொடுத்திருந்தார். பள்ளி விட்டு வந்து பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாசிக்கலாம், சங்கு ஊதி ஆட்கள் இறங்குவதற்குள் அறையைப் பூட்டிவிட வேண்டும். இதனால் ஒரு வேடிக்கை. பெற்றவர்கள் யாருமே தங்கள் பிள்ளை வாசித்துக் கேட்டதில்லை. வாசிக்கிற நேரத்தில் அவர்கள் சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பார்கள்.

வனிதா யூஃபோனியத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தொட்டாள். இதுவரை அவள் ஒரு சின்னக் கொம்பில்தான் பழகியிருந்தாள். “இருடி, மலையேறி வந்திருக்கிறது, முதலில் நான் பார்த்துவிடுகிறேன்” என்றேன். எட்டுக் கிலோவைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவள் நான். என் கைவேலையை நானே நாலு பேர் கேட்க ஊதிக் காட்டவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்? குளிரில் கிடந்த பித்தளையைச் சூடேற்ற ஒரே வழி, தாழ்ந்த சுரம் ஒன்றைப் பிடித்து மூச்சு முட்டுமட்டும் நீட்டி ஊதுவது. வாசலில் நின்று சரிவைப் பார்த்து ஊதினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மூட்டத்துக்குள் அந்தச் சத்தம் போய்ப் புகுந்துகொண்டே இருந்தது. என் தொழிலில் அதைவிடச் சுத்தமான சுரத்தை நான் கேட்டதில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். மூட்டத்துக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள். தலையில் கொழுந்துச் சாக்கு, இடுப்பில் பிளாஸ்டிக் தாள். பத்து, இருபது, நாற்பது பேர், வரிசையாக எடைக்களத்தை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மணி நாலரை. சங்கு ஐந்துக்குத்தான்.

சுதா தலையில் கைவைத்துக்கொண்டாள். “அக்கா, கரண்டு கொறைஞ்சா எங்க சங்கு இப்பிடித்தான் அடித்தொண்டையில கத்தும். அதுன்னு நெனச்சு எறங்கிட்டாக!”

சூப்பர்வைசர் எடைக்களத்திலிருந்து ஓடிவந்தார். ஐம்பது வயது, தலையில் குரங்குக் குல்லா, கையில் குடை. அரைச் சாக்கு அரைச் சாக்காக இறங்கிய கொழுந்தைப் பார்த்து அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாரு ஊதுனது? ஏ வனிதா, நீயா? எடம் குடுத்தா எஸ்டேட்டையே கலைப்பீகளா? அரை மணிக் கொழுந்து போச்சு, மேல எவன் பதில் சொல்றது?”

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். பவுன்தாய், வனிதாவின் அம்மா. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கொழுந்து குறைந்தால் அவர்களுக்குக் கூலி அல்லவா குறையும்? அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை.

“எம் புள்ளையா ஊதுனா? இம்புட்டுச் சத்தமா? மலையே எறங்கிருச்சே!” என்று சொல்லி, மகளின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “அவள் இல்லை, நான்தான் ஊதினேன்” என்றேன். நீட்டி ஊதினால் வாத்தியத்தின் ஊதுவாய் உதட்டில் வட்டமாக அச்சுப் பதித்துவிடும். பவுன்தாய் என் உதட்டைப் பார்த்தாள், மகளின் உதட்டைப் பார்த்தாள். வட்டம் என் வாயில்தான் இருந்தது.

“அப்ப இவ இல்லையா?” என்றாள். என் வாழ்நாளில் என்னை நினைத்து இத்தனை வெட்கப்பட்டதில்லை. லயத்தில் பிறந்தவள், சத்தத்துக்கு எழுந்து சத்தத்துக்குப் படுத்த வீட்டுப் பிள்ளை, எஸ்டேட் நடுவில் நின்று கொம்பு ஊதலாமா? என் கைவேலையைக் காட்டிக்கொள்ளும் அவசரத்தில் அது ஒன்று மட்டும் எனக்கு நினைவில்லை.

சூப்பர்வைசர் முடிவாகச் சொல்லிவிட்டார். மறுநாள் மாலைப் பேருந்தில் வாத்தியம் எல்லாம் கீழே போய்விட வேண்டும், இனி எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பேண்டே கிடையாது. சுதா கெஞ்சவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கிளாரினெட்டுகளை உறையில் போடத் தொடங்கினாள். இந்தப் பிள்ளைகள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் அவளுடைய பேண்டும் இல்லை. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

பவுன்தாய்தான் பேசினாள். “சூப்பர்வைசரய்யா, அரை மணிதானே போச்சு? நாளைக்கி அரை மணி கூட நின்னு கிள்ளித் தாரோம். வாத்தியம் இங்கனயே கெடக்கட்டும்.”

“நீங்களா? சங்கு ஊதுனா கிள்ளுன கொழுந்த அந்தரத்துல விட்டுட்டு ஓடியார ஆளுக நீங்க! ஒருத்தி நிக்க மாட்டீக.”

“நின்னா?”

அவர் குடையை விரித்தார், மடக்கினார். “நாப்பது பேரும் நின்னா வாத்தியம் இருக்கட்டும். ஒருத்தி கொறைஞ்சாலும் பஸ்ஸுல ஏத்திருவேன்” என்று சொல்லிவிட்டுத் தராசுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு பவுன்தாய் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. அவித்த கப்பக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியும். காரம் காதுவழியாகப் போனது. “நாளைக்கு எல்லோரும் நிற்பார்களா?” என்று கேட்டேன். “சங்கு கேட்டா காலு தானா எறங்கும்க்கா, பழக்கம். பாப்போம்” என்றாள். அவளுக்கே நிச்சயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குச்சனூரில் எப்படி வாசித்தார்கள் என்றுதான் ஊருக்குத் திரும்பியதும் எல்லாரும் கேட்டார்கள். பிரமாதமாக வாசித்தார்கள். தாய்மாமன் ஒருவர் தாம்பாளத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் ஆடினார். இரண்டு அழைப்பு அங்கேயே கிடைத்தது. சுதா ஓரமாக நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எல்லாம் சரிதான். ஆனால் நான் கூடவே கொண்டுவந்தது அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலத்தை.

அன்று கரண்டு நன்றாக இருந்தது. சரியாக ஐந்து மணிக்குச் சங்கு மலை முழுக்க அலறியது. எடைக்களத்தில் நானும் சுதாவும் ஆறு பிள்ளைகளும் உறையில் கட்டிய வாத்தியங்களோடு நின்றோம். பேருந்து சற்றுத் தள்ளி உறுமிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சங்கு நிற்பதற்குள் முதல் சாக்கு வந்துவிடுமாம். அன்று வரவில்லை. மூட்டத்துக்குள் ஒரு பேச்சுச் சத்தம்கூட இல்லை. ஒருத்தியும் இறங்கவில்லை. சுதா என் கையைப் பிடித்தாள்.

ஐந்தேகால். பேருந்து இரண்டு தடவை ஒலி எழுப்பிவிட்டுப் போய்விட்டது. சூப்பர்வைசர் அதைத் தடுக்கவும் இல்லை, எங்களை ஏறச் சொல்லவும் இல்லை. ஐந்தரை. மூட்டம் இறங்கிவிட்டது. ஐந்தே முக்கால். அப்போதும் ஆள் இல்லை.

“அரை மணி எப்பவோ ஆச்சு, மேல எவுகட்டயும் கடியாரம் இல்ல. போதும்னு யாராச்சும் சொல்லுங்கய்யா, இருட்டப் போகுது, யானை வாற தடம்” என்றார் சூப்பர்வைசர். கையைக் குவித்துக் கத்திப் பார்த்தார். அவர் குரல் அடுத்த செடி வரைக்கும் போயிருந்தால் அதிகம். இன்னொரு தடவை சங்கைப் போடச் சொல்லி ஆள் அனுப்பினார். கரண்டு போய்விட்டது என்று ஆள் திரும்பி வந்தான்.

அவர் எங்களைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “அந்தப் பித்தளைய எடுங்க” என்றார்.

உறையை நான்தான் அவிழ்த்தேன். பழக்கத்தில் கை தானாக அதைத் தூக்கியது. வாய்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். வாத்தியத்தின் ஊதுவாயை முந்தானையில் துடைத்து வனிதாவிடம் கொடுத்தேன்.

“தாழ்ந்த சுரம். மூச்சை வயிற்றிலிருந்து எடு. அவசரம் வேண்டாம்.”

முதல் தடவை காற்றுத்தான் வந்தது. பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். சுதா முறைத்தாள். வனிதா கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது தடவை ஊதினாள். வந்தது. என்னுடையதைப்போலச் சுத்தமாக இல்லை, நடுவில் கொஞ்சம் ஆடியது, ஆனால் என்னுடையதைவிட நீளம். அவள் நிறுத்தவே இல்லை. மூட்டத்துக்குள் முதலில் ஒரு சிரிப்புச் சத்தம், பிறகு பேச்சு, பிறகு செடிகள் உரசுகிற சத்தம். சாக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லாம் வாய் கட்டிய முழுச் சாக்கு. சூப்பர்வைசர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார், நாற்பதில் நிறுத்தினார். காப்பகச் சாவியை மடியிலிருந்து எடுத்துச் சுதாவிடம் நீட்டினார்.

முதலில் இறங்கியவள் பவுன்தாய். சாக்கைத் தராசில் போடாமல் தலையிலேயே வைத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தாள். முதலில் என் உதட்டைப் பார்த்தாள். பிறகு மகளின் முகவாயைப் பிடித்து, இருக்கிற வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உதட்டின்மேல் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. கறை படிந்த கட்டைவிரலால் அதை ஒரு சுற்றுத் தடவினாள்.

“எம் புள்ளதான்” என்று திரும்பி மலையைப் பார்த்துச் சொன்னாள்.